புகையில்லாத அடுப்பும் விதைப்பூண்டும்

எங்கள் வீட்டு விறகடுப்பை அணைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு யார் பொறுப்பு என்று யாரும் தேட வேண்டியதில்லை.

வீடு மலைமேல் கவுஞ்சி கிராமத்தில் இருக்கிறது. அண்ணனும் மதினியும் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். அம்மாவும் அவர்களோடுதான். ஆனால் அந்த வருடம் அக்காவின் பிரசவத்துக்காக வத்தலக்குண்டுக்குப் போனவர், குழந்தைக்குத் தலை நிற்கட்டும், தவழட்டும் என்று சொல்லிச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். நான் அதே மலையில் நாயுடுபுரத்தில் ஓர் அறையில் தங்கி வேலை பார்க்கிறேன். தங்கும் விடுதிகளின் சமையலறைக் கழிவை என்ன செய்யலாம் என்று திட்டம் போட்டுத் தரும் சிறிய அலுவலகம் அது. படித்தது சுற்றுச்சூழல் பொறியியல். சனிக்கிழமை மதியப் பேருந்தில் ஊருக்குப் போய்த் திங்கள் காலை முதல் பேருந்தில் திரும்புவேன்.

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது. பள்ளியில் படிக்கும்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் கெட்டது என்று எழுதிக்கொள்வேன். விறகடுப்புக்கும் அப்படி ஒரு பக்கம் எழுதினேன். வலப்பக்கம் நிறைய இருந்தது: மதினியின் இருமல், கண் எரிச்சல், கரி பிடித்த சுவர், வாரம் இரண்டு நடை விறகுச் சுமை, மழைக்காலத்தில் ஈர விறகோடு நடக்கும் சண்டை. இடப்பக்கம் ஒரே வரிதான்: குளிருக்கு இதம்.

அடுத்த பக்கம் சாண எரிவாயு. கொட்டிலில் மூன்று மாடுகள். வயலில் கழித்துப்போடும் கோஸ் இலையும் உடைந்த காரட்டும் தினமும் ஒரு கூடை. எல்லாம் வீட்டிலேயே கிடைப்பவை. எரிந்தால் புகை இல்லை. மிஞ்சும் சாணக்குழம்பு வயலுக்கு உரம். வலப்பக்கத்தில் பெரிய எழுத்தில் குளிர் என்று எழுதினேன். சாணத்தை வாயுவாக மாற்றும் நுண்ணுயிர்களுக்குக் கதகதப்பு வேண்டும். எங்கள் ஊரில் மார்கழியில் புல்நுனியில் பனி உறைந்து வெள்ளையாக நிற்கும்.

இந்த இரண்டு பக்கங்களையும் நான் எழுதியது அடுப்படியில் உட்கார்ந்துதான். தலைக்கு மேலே கூரைக்கடியில் மூங்கில் கழிகள் வரிசையாகக் கிடக்கும், அவற்றில் பூண்டுக் கட்டுகள் தொங்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பட்டியலில் பூண்டு இல்லை.

ஆடி மாதம் கொட்டிலின் தெற்குப் பக்கம் வெயில் விழும் இடமாகப் பார்த்துக் குழி வெட்டினோம். அதில் பெரிய கறுப்பு ரப்பர் பை ஒன்றைப் படுக்கவைத்து, மேலே பிளாஸ்டிக் தாளில் கூடாரம் போட்டோம். சாணத்தை வெந்நீரில் கரைத்து ஊற்ற வேண்டும் என்றேன். சாக்குப் பைகளைச் சுற்றிலும் அடுக்கச் சொன்னேன்.

அண்ணன் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "பனிக்கு மாட்டுக்குத்தேன் சாக்குப் போத்துவோம். இப்ப சாணிக்கும் போத்தணுமா?"

"ஆமாண்ணே. அதுக்கும் குளிரும்."

"குளிக்க எனக்குக் கூட வெந்நி கெடைக்க மாட்டேங்குது" என்று மதினியைப் பார்த்துச் சொன்னான்.

"அது காலையில எந்திரிச்சுப் பால் கறக்குறவுகளுக்குத்தேன் வெந்நி" என்றார் மதினி.

ஆவணியில் பை உப்பியது. முதல் நாள் நீலமாக எரிந்த தீயைப் பார்க்கப் பக்கத்து வீட்டுச் சின்னம்மா வந்தார். மதினி அதில் காபி போட்டுக் கொடுத்தார்.

"ஏத்தா, இதுல சாணி வாசம் வராதுல்ல?"

"குடிச்சுட்டுச் சொல்லுங்க சின்னம்மா."

சின்னம்மா குடித்தார். டம்ளரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "ஒரு டம்ளர்ல ஒண்ணும் தெரியல. இன்னொண்ணு ஊத்து."

அதன்பிறகு வந்த சில வாரங்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. மதினியின் இருமல் நின்றது. சுவரில் இருந்த கரியைச் சுரண்டித் தானே சுண்ணாம்பு அடித்தார். அடுப்பு இருந்த மூலையில் அரிசி டிரம்மைக் கொண்டுவந்து வைத்தார். முன்பு விறகுக்குப் போன நேரத்தில் இப்போது மத்தியானம் அரை மணி நேரம் படுத்தேன் என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார்.

கோளாறுகளும் வந்தன. சாணக்குழம்பைக் காரட் பாத்திக்குத் திருப்பிய அண்ணன் மிச்சத்தை வாய்க்காலிலேயே விட்டுவிட்டான். ஒரு மாதத்தில் கீழே மாடுகள் தண்ணீர் குடிக்கும் ஊற்றுக்குட்டை பச்சையாக நுரைத்தது. மாட்டிலிருந்து வருவதுதானே, என்ன கெடுதல் என்று எல்லோருக்கும் நினைப்பு. அது சத்துள்ளது என்பதுதான் கெடுதல். தண்ணீருக்கு அவ்வளவு சத்து ஆகாது. தேக்கிவைக்க ஒரு குழி வெட்டினோம், குட்டை மெல்லத் தெளிந்தது. என் நோட்டில் வலப்புறம் ஒரு வரி கூடியது.

இனிப் பூண்டு. வீட்டுக்குக் கீழே படிபோல் இறங்கும் ஐந்து அடுக்கு நிலம் மதினியின் பொறுப்பு. காரட்டும் உருளையும் அண்ணனுடையவை, அதில் மதினி தலையிட மாட்டார். பூண்டில் அண்ணன் தலையிட மாட்டான். கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து ஒரு துணி மூட்டையில் மதினி கொண்டுவந்த விதை அது. பல் சிறியது, ஊதாத் தோல், கடித்தால் காது வரை காரம் ஏறும். ஐந்து வருடமாக ஒவ்வொரு அறுவடையிலும் நல்ல தலைகளைத் தேர்ந்து விதைக்கு ஒதுக்கி, அதையே பெருக்கி, முதலில் அரை அடுக்குக்கு இருந்ததை ஐந்து அடுக்குக்குக் கொண்டுவந்திருந்தார். அந்தப் புரட்டாசியில்தான் முதல் முறையாக ஐந்து அடுக்குக்கும் போதுமான சொந்த விதை சேர்ந்தது. கட்டுக் கட்டாக முடிந்து வழக்கமான கழிகளில் தொங்கவிட்டார். வைகாசியில் நட வேண்டும்.

ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகையில் மேகம் இறங்கி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. துவைத்துப் போட்ட துணி நான்கு நாளானாலும் காயாது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்குள் நுழையும்போது மதினி அடுப்படியில் மூன்று பூண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாய் என்று கூடக் கேட்கவில்லை.

"இதை அமுக்கிப் பாரு."

அமுக்கினேன். விரல் உள்ளே போனது. தோலை உரித்தால் நீலம் பாரித்த பூஞ்சை. இன்னொன்று கெட்டியாக இருந்தது, ஆனால் உச்சியில் பச்சை முளை எட்டிப்பார்த்தது. வைகாசியில் முளைக்க வேண்டியது கார்த்திகையில் முளைத்திருந்தது.

"மேல எல்லாமே இப்பிடியா மதினி?"

"அந்த மூலையில ரொம்ப. இந்தப் பக்கம் இன்னும் கெட்டியாத்தேன் கெடக்கு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அஞ்சு வருசமா இதே கழியிலதேன் போடுறேன். அதே வீடு, அதே மழை."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், அதற்கு மேல் வெளிறிய பூண்டுக் கட்டுகள். நான் சின்ன வயதில் பார்த்த பூண்டு இவ்வளவு வெளுப்பாக இருந்ததில்லை. புகையேறிப் பழுப்பாக இருக்கும், எடுத்தால் கையில் கரி ஒட்டும்.

மதினி அரிசி டிரம் இருந்த மூலையைப் பார்த்தார்.

"புகை இல்லேல்ல" என்றார்.

யாரும் பூண்டுக்குப் புகை போட்டதில்லை. சோறு பொங்கினார்கள், குளிர் காய்ந்தார்கள், வெந்நீர் வைத்தார்கள். புகை மேலே போனது. பூண்டு அங்கே தொங்கியது. ஈரம் ஏறவிடாமல், பூஞ்சை அண்டவிடாமல், முளை விழிக்கவிடாமல் அந்தப் புகை தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. புகையை வலப்பக்கத்தில் மட்டும் எழுதிய நான் அதன் பாதிச் சோலியைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மதினியும் எடுக்கவில்லை. நீங்கள் இங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று பிறகு அம்மாவிடம் கேட்டேன். "எனக்கும் தோணியிருக்காதும்மா. நாம பூண்டுக்காகவா அடுப்பு எரிச்சோம்?" என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "பழைய அடுப்பைப் பத்த வச்சாச் சரியாப் போச்சு. இதுக்குப் போயி ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு."

"பத்த வைங்க" என்றார் மதினி. "பக்கத்துல உக்காந்து அந்தப் புகையையும் நீங்களே குடிங்க."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "பூண்டு போனாப் போகுதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது எங்க அம்மா வீட்டு வெதை. கடையில விக்கிற பூண்டு நம்ம குளிருக்கு நிக்காது. அதுக்காக மறுபடி இருமிக்கிட்டுக் கெடக்கவும் எனக்கு ஆகாது. ரெண்டுக்கும் வழி பாரு."

வழி என்று மறுநாள் நான் செய்தது இரண்டாவது தவறு. கூடுதலாக ஒரு எரிவாயு அடுப்பை வாங்கிப் பூண்டுக்கு நேர் கீழே வைத்து, கதவு ஜன்னலை அடைத்து, சிறு தீயில் எரியவிட்டேன். சூடு கிடைத்தால் ஈரம் போய்விடும் என்பது என் எண்ணம். மத்தியானம் கதவைத் திறந்தால் சுவரில் நீர்க்கோடுகள். பூண்டுத் தோலில் முத்து முத்தாகத் துளிகள்.

"பூண்டுக்கு வேர்க்குதே, இஞ்சினியரம்மா" என்றார் மதினி.

சாண எரிவாயு எரியும்போது நீராவி வரும். முதலாம் ஆண்டு வேதியியலில் அந்தச் சமன்பாட்டை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அண்ணன் வாசலில் நின்று உள்ளே எட்டிப்பார்த்தான். "நாலு வருசம் படிச்சது பூண்டைக் குளிப்பாட்டவா?" என்று கேட்டான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மதினி சிரிக்கவில்லை. சுவரில் வழிந்த நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றது.

அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடுப்புச் சொன்னேன். அடுப்படிக்கு வெளியே, ஆள் சுவாசிக்காத இடத்தில் புகை வேண்டும் என்று முடிவானது. கொட்டிலுக்குப் பின்னால் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சின்ன அறை உண்டு. முன்பு உருளைக்கிழங்கு போட்டுவைத்த இடம், இப்போது உடைந்த மண்வெட்டிகளும் பழைய டயரும் கிடந்தன. அதைக் காலி செய்து, தகரக் கூரைக்கடியில் புகை வெளியேற ஓர் இடைவெளி விட்டு, கழிகளை மாற்றிக் கட்டினோம்.

அடுத்தது விறகு. எது?

"தைல மரம் வேணாம்" என்றார் மதினி. "ரசத்துல தலைவலித் தைலம் மணக்கும்."

பைன் கட்டை பிசினாகக் கரியும், பூண்டுத் தோலெல்லாம் பசை ஏறும். மிஞ்சியது வாட்டில் மரம். அதை எங்கே தேடிப் போக? எங்கள் நிலத்தின் மேல் ஓரத்திலேயே வந்து நிற்கிறது. தோல் பதனிடப் பட்டை வேண்டும், எரிக்க விறகு வேண்டும் என்று எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மலையில் வைத்தார்கள். பட்டையும் கிடைத்தது, விறகும் கிடைத்தது. பிறகு அது நிற்கவே இல்லை. புல்வெளிகளை மூடியது. எங்கள் ஊற்றுக்கு மேலே இருந்த புல்மேடு முழுக்க இப்போது வாட்டில். பங்குனியில் ஊற்று நூலாக மெலிந்துவிடுகிறது. இதற்கும் ஒரு பக்கம் எழுதினால் இடப்புறத்தில் நன்றாக எரியும் என்ற ஒன்றைத் தவிர வேறு வராது. அந்த ஒன்று எங்களுக்கு அப்போது போதுமாக இருந்தது.

பட்டா நிலமானாலும் மலையில் மரத்தை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. போன காற்றில் சாய்ந்து கிடந்தவற்றை அண்ணன் துண்டு போட்டான். அந்த இடத்தில் வெயில் பட்டதும் வாட்டில் விதைகள் கீரைப் பாத்தி மாதிரி முளைக்கும் என்பதால் நானும் மதினியும் நாற்றுகளைக் கையால் பிடுங்கிக்கொண்டே போனோம். மதினி வெரசாகப் பிடுங்குவார். நான் வரிசை விடாமல் பிடுங்குவேன். அவர் விட்டதை நான் எடுத்தேன், நான் முடிப்பதற்குள் அவர் மறுபக்கம் போய்விட்டார்.

பூண்டைத் தரம் பிரிக்கச் சின்னம்மா உதவிக்கு வந்தார். சாக்கை விரித்து மூன்று குவியல் போட்டோம்: கெட்டியானது, முளைத்தது, அழுகியது. முதல் மணி நேரத்தில் அழுகிய குவியல்தான் வேகமாக உயர்ந்தது. மதினி ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு எறிந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேச்சுதான் குறைந்துகொண்டே போனது.

சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, "எம் மாமியா வாயவிட இது மணக்குது" என்றார் ஒரு அழுகலைத் தூக்கிக் காட்டி.

"மாமியாவுக்குக் கேட்டுறப் போகுது" என்றேன்.

"கேக்கட்டும். காது எங்க கேக்குது அவுகளுக்கு?"

மதினி அப்போதுதான் சிரித்தார்.

அழுகிய குவியலை அண்ணன் கூடையில் அள்ளி எரிவாயுப் பைக்குள் போட எடுத்துப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, அதுல போடாத! பூண்டு உள்ள போனா நுண்ணுயிரெல்லாம் செத்துரும். ஒரு மாசத்துக்கு கேஸு வராது."

"அழுகுனதெல்லாம் அதுல போடலாம்னு நீதான சொன்ன?"

"பூண்டத் தவிர."

"வேற என்னென்ன தவிர, அதையும் ஒரு பட்டியல் போட்டுக் கொடு தாயி. சுவத்துல ஒட்டி வைக்கிறேன்."

அழுகலைத் தனிக் குழியில் புதைத்தோம். முளைத்தவற்றை வீட்டோரம் நெருக்கமாக ஊன்றிவைத்தோம். இரண்டு மாதம் அந்தப் பூண்டுத் தாளை நறுக்கிப் போட்டுத் துவையலும் பொரியலும் சாப்பிட்டோம். கெட்டியானவை மட்டும் புகை அறைக்குப் போயின.

வாட்டில் கட்டையைத் தீயாக எரியவிடாமல் கனிய வைக்க வேண்டும். காலையில் ஒரு முறை, மாடு கறந்த பிறகு மாலையில் ஒரு முறை. மதினி மூட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார். உள்ளே யாரும் நிற்க வேண்டியதில்லை. அலுவலகத்திலிருந்து வெப்பமும் ஈரமும் காட்டும் சிறிய கருவி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கழியில் கட்டினேன். மதினி பூண்டின் கழுத்தை இரண்டு விரலால் நெருடிப் பார்ப்பார், தோல் சரசரத்தால் போதும் என்பார். பெரும்பாலும் கருவியும் விரலும் ஒன்றையே சொல்லின. ஒரு வாரம் விடாமல் மழை பெய்தபோது மதினி பொறுமை இழந்து தீயைக் கூட்டிவிட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தால் கழிப் பக்கமே கை வைக்க முடியவில்லை.

"மதினி, வெதையை அவிச்சிராதீங்க."

"ஈரம் ஏறிரும்னு பயமாருக்குடி."

"உசிரு போயிட்டா ஈரம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

உடனே கட்டையை இழுத்துத் தண்ணீர் தெளித்தார். அந்த நாளின் பயம் எங்கள் இருவருக்குள்ளும் தங்கிவிட்டது. பூஞ்சைக்குத் தப்பிய விதை சூட்டில் வெந்திருந்தால் வெளியே தெரியாது. மண்ணில் போட்ட பிறகுதான் தெரியும்.

புகை அறை ஒன்றும் குற்றமற்றதல்ல. அந்தப் புகையும் வானத்துக்குத்தான் போகிறது. சமைப்பதற்கு நாங்கள் முன்பு எரித்ததில் ஒரு சின்னப் பங்குதான் என்பதும், அது யார் நெஞ்சுக்குள்ளும் போகவில்லை என்பதும், மேட்டில் புல் கொஞ்சம் திரும்ப வருகிறது என்பதும் எனக்குப் போதுமான நியாயங்கள். மார்கழியில் எரிவாயு பாதியாகக் குறைந்தபோது மதினி புகை அறைக் கனலிலேயே வெந்நீர்ப் பானையை வைத்து, அதைச் சாணம் கரைக்க ஊற்றினார். அந்த யோசனை அவருடையது. நான் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

வைகாசி வந்தது. விதை மூன்று அடுக்குக்குத்தான் போதுமானதாக இருந்தது. மிச்சம் இரண்டில் பட்டாணி போடுவது என்று மதினியே முடிவு செய்தார். வெள்ளனே எழுந்து பல் பல்லாக உடைத்து, மதினி, நான், சின்னம்மா, குழந்தை தவழ்ந்துவிட்டதால் ஊர் திரும்பியிருந்த அம்மா எல்லோருமாக நட்டு முடித்தோம். நடும்போது ஒவ்வொரு பல்லையும் மதினி நெருடிப் பார்த்துவிட்டே மண்ணில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை போனேன். ஒன்றும் இல்லை. வெறும் மண்.

"இன்னும் நாளிருக்கு" என்று நான்தான் சொன்னேன். மதினி தலையாட்டினார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் இருக்கும்போது தொலைபேசி வந்தது. "வரிசை தெரியுது" என்றார் மதினி. வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பேருந்திலிருந்து இறங்கி, பையை வீட்டில் வைக்காமலேயே கீழே இறங்கினேன். மூன்று அடுக்கிலும் ஊசி ஊசியாகப் பச்சை. மதினி மூன்றாவது அடுக்கின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். புகை அறைக் கதவுக்கு அருகில், கனலுக்கு நேர் மேலே தொங்கிய கட்டுகளின் விதை அந்த ஓரத்தில்தான் போயிருந்தது. அங்கங்கே முளைக்காத இடங்கள் இருந்தன. எண்ணினேன். பதினேழு.

"பதினேழுதேனா? நான் பத்தொன்பதுன்னு எண்ணுனேன்" என்றார்.

"ரெண்டு இப்பத்தான் மண்ணைக் கீறுது, பாருங்க."

குனிந்து பார்த்தார். பிறகு மடியில் முடிந்து வைத்திருந்த மிச்சப் பற்களை அவிழ்த்து, பாதியை என் கையில் கொடுத்தார். அவர் அந்த முனையிலிருந்தும் நான் இந்த முனையிலிருந்தும் இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு வந்தோம்.